கோடத்தில் அறிவியல் திருவிழா

புணேயிலிருந்து நாசிக் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போனால் நாராயண்காவ். தக்காளி மொத்த விற்பனைச் சந்தைக்கும் தமாஷா என்ற நாட்டுப்புறக் கூத்துக் கலைஞர்களின் முகாம்களுக்கும் பெயர் பெற்ற ஊர். அங்கே கிழக்கே பிரியும் சாலை வெங்காய வயல்கள், கரும்புத் தோட்டங்களுக்கு இடையே கோடத் என்ற கிராமத்துக்குப் போகிறது. இந்த வயல்களுக்கு நடுவில்தான் ராட்சத மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 45 மீட்டர் விட்டம் கொண்ட 30 ஆண்டெனாக்கள். ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'துர்பிண்' என்கிறார்கள்.

ஆண்டின் மற்ற நாள்களில் முன்அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளையொட்டி மட்டும் கதவுகள் எல்லோருக்கும் திறக்கின்றன. கட்டணம் இல்லை. சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளின் பிள்ளைகள் தாங்கள் செய்த மாதிரிகளை மேசைகளில் பரப்பி வைக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வந்து பார்க்கிறார்கள். ஜுன்னர் தாலுகாவைச் சொந்த ஊராகக் கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எங்களுக்கு இது தெரியும். பிம்பிரியில் இத்தனை காலம் குடியிருந்தும் நாங்கள் லோனாவ்ளாவுக்கும் மகாபலேஷ்வருக்கும் போனோமே தவிர, இந்தத் திசையில் வண்டியைத் திருப்பியதில்லை.

நாள்தான் முதல் சிக்கல். மார்ச்சில் ஆண்டுத் தேர்வு. ஏழாம் வகுப்பு மகளை ஒரு நாள் முழுக்க வெளியே கூட்டிப் போவதா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. 1928இல் இதே நாளில் கொல்கத்தாவில் சி.வி. ராமன் தன் கண்டுபிடிப்பை அறிவித்தார். கூடவே உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். அந்த நாளைக் கொண்டாட நாடு முழுவதும் ஆய்வகங்கள் கதவைத் திறக்கும்போது, அறிவியல் பாடத்தை மனப்பாடம் செய்வதற்காகப் பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இரண்டாவது சிக்கல் செல்போன். ஆண்டெனாக்களுக்கு அருகில் அதை அணைத்துவிட வேண்டும். காரணத்தை முதல் நாள் இரவே பிள்ளைகளிடம் சொன்னேன். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகள் அவ்வளவு மெலிந்தவை. நிலவில் ஒரு செல்போனை வைத்துவிட்டு இங்கிருந்து கேட்டால், வானத்தின் வலுவான ரேடியோ மூலங்களுள் ஒன்றாக அது தெரியும். கையில் இருக்கும் போன் என்ன பாடுபடுத்தும்! மூன்றாம் வகுப்பு மகன் உடனே, "அப்ப நாம தொலைஞ்சு போனா?" என்றான். நல்ல கேள்வி. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் யார் எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு ஒருவரையொருவர் தேடுவது என்றெல்லாம் எங்கள் அம்மாக்கள் பொருட்காட்சிக்குக் கிளம்புமுன் பேசி வைத்ததுபோல் நாங்களும் பேசி வைத்தோம். போட்டோவுக்குப் பதில் ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும்.

இலவசத் திருவிழாக்களில் குடும்பங்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். மதியத்துக்குள் சின்னவன் அழுவான், பெரியவர்களுக்குக் கால் வலிக்கும். அதனால் ஆளுக்கு ஒரே ஒரு கேள்வி என்று முடிவு செய்தோம். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை விடக்கூடாது. மற்றதெல்லாம் வழியில் கண்ணில் பட்டால் சரி, படாவிட்டாலும் சரி.

அத்தையின் கேள்விதான் எங்களை அசத்தியது. என் மாமியார் ஊட்டிக்கு அருகே முத்தொரைப் பக்கம் வளர்ந்தவர். அங்கே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவர். "அங்க ஒரே நீளமா கட்டுனாங்களே, இங்க ஏன் துண்டு துண்டா வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். இரண்டையும் உருவாக்கியவர் ஒருவர்தான் என்று நான் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோவிந்த் ஸ்வரூப். ஹோமி பாபா அழைத்ததால் 1963இல் நாடு திரும்பி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தவர். முத்தொரைத் தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த சரிவை அதற்காகத் தேடிப் பிடித்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் அதே 11 பாகை என்பதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அந்த ஓர் அச்சில் மெல்லத் திருப்பினாலே போதும், ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். "அந்தச் சரிவுலதான் நாங்க மாடு மேய்ச்சோம்" என்றார் அத்தை.

விடியுமுன் கிளம்பினோம். சாக்கனில் லாரிகள் கூடுமுன் தாண்டிவிட வேண்டும் என்பது இந்தச் சாலையை அறிந்தவர்கள் சொல்லும் பாடம். ராஜ்குருநகரில் பீமா ஆற்றைக் கடந்தோம். பகத்சிங்கோடு 1931இல் தூக்கிலிடப்பட்ட ராஜ்குருவின் ஊர் அது. மஞ்சரில் டீ. நாராயண்காவில் மிசளும் பாவும். மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கையில் இருந்தன. பிப்ரவரி கடைசியில் இங்கே காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும், மதிய வெயிலுக்குத் தொப்பி வேண்டும். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள்.

முதல் ஆண்டெனா தெரிந்தபோது மகன் சத்தமே போடவில்லை, அப்படியே பார்த்தான். பிறகு தன் கேள்வியைக் கையில் எடுத்தான். "இது ஏன் ஓட்டை ஓட்டையா இருக்கு?" அங்கே நின்ற இளம் பொறியாளர் அவன் உயரத்துக்குக் குனிந்து இந்தியில் விளக்கினார். கொசுவலை கொசுவை விடாது, காற்றை விடும் அல்லவா, அப்படித்தான். இந்தத் தொலைநோக்கி பிடிக்கும் அலைகளில் மிகக் குட்டையானதே ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் நீளம். கம்பிவலையின் கண்களோ ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். அலைக்கு அது ஓட்டையாகவே தெரியாது. முழுக் கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பிவிடும். காற்று மட்டும் ஊடுருவிப் போகும். காற்றின் தள்ளுவிசை குறைவதால் இவ்வளவு பெரிய கிண்ணத்தைத் தாங்க இரும்பு குறைவாகப் போதும், செலவும் குறையும். மெல்லிய துருப்பிடிக்காத கம்பிவலையை வடக்கயிறுகளில் இழுத்துக் கட்டும் இந்த உத்தியைக் கண்டவரும் ஸ்வரூப்தான். பணம் குறைவு என்பதற்காகக் கனவைச் சுருக்காமல் எடையைச் சுருக்கிய அந்த மனிதர்மேல் எனக்கு அளவற்ற மரியாதை.

அத்தையின் கேள்விக்கும் அந்தப் பொறியாளரே பதில் சொன்னார். 14 ஆண்டெனாக்கள் நடுவில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள் நிற்கின்றன. மற்ற 16ம் ஒய் வடிவில் மூன்று கைகளாக விரிந்து கிடக்கின்றன. ஒரு கோடியிலிருந்து மறு கோடி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். எல்லாவற்றின் சமிக்ஞைகளையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கணக்கிட்டால், நுண்மையில் 25 கிலோமீட்டர் அகலக் கிண்ணத்தால் பார்ப்பதற்கு ஈடாகும். பூமி சுழலச் சுழல ஆண்டெனாக்களின் கோணம் மாறி, படத்தின் விடுபட்ட பகுதிகளும் நிரம்பும். அத்தை எல்லாவற்றையும் பேத்தியின் மொழிபெயர்ப்பில் கேட்டுவிட்டு, "பூமியையே வேலை வாங்குறாங்க" என்றார். 2016இல் செவ்வாயை நோக்கி இறங்கிய ஐரோப்பிய ஸ்கியாபரெல்லி கலத்தின் மெல்லிய சமிக்ஞையை இங்கிருந்துதான் பிடித்தார்கள் என்பதையும் அவர் அன்று தெரிந்துகொண்டார்.

ஆனால் கோடத்துக்கு நான் மறுபடி போக விரும்புவது ஆண்டெனாவுக்காக அல்ல, மேசைகளுக்காக. பந்தலுக்குள் வரிசை வரிசையாகக் கிராமப் பள்ளிப் பிள்ளைகள். ஜுன்னர் சிறுத்தைகள் திரியும் கரும்புக் காடு. ஆட்டுப்பட்டியை ஏதாவது நெருங்கினால் விளக்கெரிந்து மணியடிக்கும் மாதிரி ஒன்றைச் சில பையன்கள் அட்டையில் செய்திருந்தார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் எடுத்த மாதிரி அல்ல அது. அவர்கள் வீட்டு ஆட்டைக் காப்பாற்றும் யோசனை.

அடுத்த மேசையில் என் மகள் வயதுப் பெண் ஒருத்தி. மண்தொட்டியில் இரண்டு ஆணிகள், கம்பி, பேட்டரி, சின்ன எல்.இ.டி. பல்பு. மண் ஈரமாக இருந்தால் மின்சாரம் பாய்ந்து பல்பு எரியும், காய்ந்தால் அணையும். அணையும்போது தோட்டத்து மோட்டாரைப் போட்டால் போதும், தண்ணீர் வீணாகாது என்று மராத்தியில் கடகடவென்று சொன்னாள். மகளின் நோட்டில் எழுதியிருந்த கேள்வி, தொலைநோக்கி பகலிலும் வேலை செய்யுமா என்பது. செய்யும், ரேடியோ அலைகளுக்குப் பகலும் மேகமும் பெரிய தடையல்ல என்ற விடை காலையிலேயே கிடைத்துவிட்டது. இங்கே அவளுக்குப் புதிதாக ஒன்று முளைத்தது. "தண்ணீரில் உப்பு இருந்தால்?"

அந்தப் பெண் யோசித்தாள். தெரியாது என்று நேராகச் சொன்னாள். பிறகு, "போட்டுப் பார்ப்போமா?" என்றாள். எங்கள் சாப்பாட்டுப் பையில் உப்புப் பொட்டலம் இருந்தது. மங்கலாக எரிந்துகொண்டிருந்த தொட்டியில் அதைக் கரைத்து ஊற்றினார்கள். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஈரம் கொஞ்சம்தான், ஆனால் கருவி நிறைய என்கிறது. உவர் நிலத்தில் இதை நம்பினால் பயிர் காய்ந்துபோகும் என்று அவளே சொல்லி, தன் விளக்க அட்டையின் அடியில் பேனாவால் அதை எழுதிச் சேர்த்தாள். பின்னால் வந்தவர்களுக்கு அதையும் சேர்த்தே விளக்கினாள். பெரிய ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள் செய்வதும் இதைத்தான். என் மகள் அதைக் கண்ணெதிரே, தன் வயதுப் பெண்ணிடம் பார்த்தாள். காசு கொடுத்துப் போகும் நகரத்து அறிவியல் பூங்காக்களில் பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும். தெரியாது என்று சொல்லக்கூடிய ஆள் அங்கே கிடைக்கமாட்டார்.

போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். எல்லோரும் முதலில் ஆண்டெனாவைப் பார்க்க ஓடுகிறார்கள். மேசைகளுக்கு வரும்போது அந்தப் பிள்ளைகள் நூறு பேருக்குச் சொல்லித் தொண்டை கட்டியிருப்பார்கள். காலையில் அவர்களிடம் போங்கள். ஆண்டெனா மாலையிலும் அங்கேதான் நிற்கும். மராத்தி தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பிள்ளைகளின் இந்தியே போதும். சனி ஞாயிறில் நாள் அமைந்தால் கூட்டம் இன்னும் கூடும் என்பதால், அடுத்த முறை முதல் நாள் இரவே நாராயண்காவில் தங்கிவிடலாம் என்று இருக்கிறோம். மகள் இப்போதே உப்பு அளவை மாற்றி மாற்றித் தொட்டிச் செடியில் ஆணி குத்திக்கொண்டிருக்கிறாள். தேர்வு முடியும்வரை பொறு என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை; நானும் வற்புறுத்தவில்லை.