செல்லும் சொல், செல்லாச் சொல்

பெயர், ஊர், பொருள், விலங்கு என்று தாளில் கட்டம் போட்டு விளையாடாமல் சிறுபருவத்தைக் கடந்தவர் நம்மில் அரிது. அதன் சற்றே வளர்ந்த வடிவம் ஒன்றை 1994ஆம் ஆண்டில் ஆம்பூரில் நண்பர்கள் ஐவர் விளையாடி வந்தோம். வெள்ளிதோறும் இஷா தொழுகைக்குப் பின் ஒரு நண்பரின் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். ஒருவர் நீண்ட சொல் ஒன்றைத் தருவார். அதற்குத் தாய்ச்சொல் என்று பெயர். அதிலுள்ள எழுத்துகளை மாற்றியடுக்கிப் பத்து நிமிடங்களில் இயன்ற அளவு சொற்களைக் கண்டெடுக்க வேண்டும். இருவர் ஒரே சொல்லை எழுதியிருந்தால் இருவருக்கும் அது கிடையாது. பிறர் எண்ணாததை எண்ணியவருக்கே மதிப்பெண்.

தோற்றவர் தேநீர் வாங்கித் தருவது என்று முதலில் வைத்திருந்தோம். சூதின் சாயல்கூட வேண்டாமே என்று பெரியவர் ஒருவர் சொன்னதும், தேநீரை முறைவைத்து வாங்கலானோம். விளையாட்டின் விறுவிறுப்பு அதனால் குறையவில்லை.

ஆங்கிலத்தில் இவ்வகை விளையாட்டுகள் பல. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆல்ஃப்ரெட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என எண்ணிப் பார்த்து உருவாக்கியதே, 1948இல் ஸ்கிராபிள் என்று பெயர் பெற்றது. இருபத்தாறு எழுத்துள்ள மொழி நூறு வில்லைகளுக்குள் அடங்கிவிடும். நம் தமிழுக்கோ எழுத்து 247. எனவே எங்களுக்குத் தாளும் பென்சிலுமே வசதியாயின. உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும். மெய்யெழுத்து முதலில் வாராது. ஆகவே தாய்ச்சொல்லில் ‘ம்’ அல்லது ‘ல்’ இருந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். சொற்கள் முடிய இடம் கிடைத்துவிடும்.

ஐவரில் மூத்தவர், தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்தில் அதைத் தோல் ஷாப்பு என்போம். அவர் வீட்டுமொழி உருது. தமிழை எட்டாம் வகுப்புவரை படித்தவர். நானோ தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்தவன். அகராதி இல்லாத அத்திண்ணையில் நானே அகராதி என்ற எண்ணம் எனக்கிருந்தது.

ஒரு வெள்ளியன்று தாய்ச்சொல், ‘நல்லிணக்கம்’. அதை வைத்துத்தான் நாங்கள் பிணங்கினோம் என்பதை நினைத்தால் இன்றும் நாணமாக இருக்கிறது. நகம், கல், கணம், கலி என்று பொதுவானவை அடிபட்டுப் போயின. இறுதியில் அவருக்கும் எனக்கும் சமநிலை. அவர் தாளில் ஒரு சொல் மிச்சமிருந்தது: ‘நகல்’.

“இது செல்லாது, பாய். அரபிலிருந்து உருது வழியாக வந்தது. தமிழ் இல்லை” என்றேன்.

“தாலுகா ஆபீசில் வேறு என்ன சொல்லிக் கேட்பீர்கள், தம்பி?”

“‘படி’ என்று கேட்பேன்” என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். என் தாளில் ‘நக்கல்’ என்ற சொல்லும் இருந்தது. அன்று அது தாளோடு நிற்கவில்லை. அவர் தம் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அடுத்த இரண்டு வெள்ளிகளில் அவர் வரவில்லை.

மனம் உறுத்தவே நூலகத்துக்குச் சென்றேன். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டினேன். நகல் இருந்தது. அசல், பாக்கி, வசூல், ரத்து, தகராறு, வக்கீல் என அரபு வேர் கொண்ட எத்தனையோ சொற்கள் தமிழ்ச் சொற்களோடு தோளுரசி நின்றன. பிறமொழி நாடுகளிலிருந்து வந்த சொற்களுக்குத் திசைச்சொல் என்று நன்னூலே இடம் தந்திருப்பதைக் கல்லூரியில் மனப்பாடம் செய்தவன் நான். அதை நான் அறியாதவனல்லன். வெல்ல வேண்டியிருந்ததால் மறந்தவன்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்றேன்.

“பாய், அகராதியில் இருக்கிறது. பிழை என்னுடையது” என்றேன்.

அவர் என்னை அமரச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அகராதியில் இல்லாமற்போயிருந்தால் வந்திருக்க மாட்டீர்களா, தம்பி?”

என்னிடம் மறுமொழி இல்லை. நான் வருந்தவேண்டியது ஒரு சொல்லை மறுத்ததற்கு அன்று; ஒரு மனிதரைத் திண்ணையிலிருந்து எழுப்பியதற்கு. அதை அவர் சொல்லித்தான் உணர்ந்தேன்.

“மன்னித்துவிடுங்கள்” என்றேன். “வெள்ளிக்கிழமை தாய்ச்சொல் என்னுடையது” என்று சிரித்தார்.

அந்த வெள்ளி அவர் தந்த சொல், ‘ஆவாரம்பட்டை’. தோல் பதனிட நெடுங்காலம் உதவிய பட்டை அது. ஆரம், வாரம், பரம், படை, பரட்டை என்று எழுதிக்கொண்டே போனோம். ஒருவர் ‘ரவா’ என்று எழுதிவிட்டு என் முகத்தை அஞ்சியவாறு பார்த்தார். “செல்லும்” என்றேன். திண்ணையே அதிர்ந்தது. கடைசியாக அந்த நண்பர் தம் தாளைப் படித்தார். ஆடை, வாடை இரண்டையும் அவர் ஒருவரே எழுதியிருந்தார்.

“எங்கள் ஆடையில் வாடை இருக்கும். அந்த வாடைதான் எங்களுக்கு வாரக்கூலி” என்றார். இம்முறை எவரும் சிரிக்கவில்லை. அன்று வென்றவர் அவரே.

ஆண்டுகள் பல ஓடிவிட்டன. இன்று சொல் விளையாட்டுகள் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டன. அங்கே செல்லும், செல்லாது என்பதை இயந்திரமே சொல்லிவிடும். எவரும் எவரையும் புண்படுத்த வழியில்லை. ஆயினும் பிழை செய்து, வீடு தேடிச் சென்று, மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பும் அங்கே இல்லை.

இரவுணவுக்குப் பின் பிள்ளைகளோடு ஒரு தாளை எடுத்து அமர்ந்து பாருங்கள். ஒரு நீண்ட சொல்லைக் கொடுங்கள். பாட்டியின் சொல்லும் கடைத்தெருச் சொல்லும் அதில் வரட்டும். ‘செல்லாது’ என்று சொல்ல வாயெடுக்கும்போது மட்டும், நாம் காப்பது மொழியையா, நம் வெற்றியையா என்று ஒரு கணம் எண்ணிக்கொள்ளுங்கள்.