படிக்கட்டில் ஒரு மூட்டை

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில், கூரை வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். கோடைக் காலத்தில், அடுப்பில் தண்ணீர் தெளித்துக் கங்கு அவிந்ததைக் கண்ணால் கண்ட பிறகே உம்மா பாய் விரிப்பார். வாசலில் ஒரு பெரிய பானை நிறையத் தண்ணீர் இருக்கும். உறங்கப் போகுமுன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள் என்று அவர் அடிக்கடி சொல்லுவார். ஒரு கூரையில் விழும் பொறி தெருவையே கொண்டுபோய்விடும் என்பதை அறிந்த ஊர் அது.

அப்படி வளர்ந்த நான்தான், சென்னையில் ஆறாம் மாடியில் குடியிருக்கும் என் மகன் வீட்டுக்கு ஒரு மூட்டை வேர்க்கடலை கொண்டுபோனேன். வீட்டில் இடமில்லை, படிக்கட்டுத் திருப்பத்தில் வைக்கச் சொன்னேன். மகன் தயங்கினான். "லிப்ட் இருக்கும்போது படியில் யாரப்பா ஏறப்போகிறார்கள்?" என்று அவன் வாயை அடைத்தவனும் நானே.

மூன்றாம் நாள் இரவு, கீழ்த்தளத்து மீட்டர் பெட்டியில் தீப்பற்றியது. விளக்குகள் அணைந்தன, லிப்ட் நின்றது. படிக்கட்டின் கதவு தானே மூடிக்கொண்டு புகையைத் தடுக்கவேண்டியது. காற்றுக்காக யாரோ அதற்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த வழியே புகை மேலேறியது. இருளில் இறங்கிவந்த மேல்மாடி மூதாட்டி என் மூட்டையில் இடறி விழுந்தார். தீ விரைவில் அணைந்தது. அவர் மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில், "வேண்டுமென்றா வைத்தீர்கள், விடுங்கள் பாய்" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டதுபோல் எந்த நெருப்பும் சுட்டதில்லை.

சென்னையின் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டிடம் 1975-இல் தீக்கிரையானது. 2004-இல் கும்பகோணம் பள்ளியில் ஓலைக் கூரையும் ஒடுங்கிய வழியும் சேர்ந்து 94 குழந்தைகளைக் கொண்டுபோயின. 2017-இல், ரமலான் மாதத்தில், இலண்டன் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தது. 24 மாடிகளுக்கு ஒரே படிக்கட்டு. வெளிச்சுவரில் எளிதில் தீப்பற்றும் மேலுறை. 72 உயிர்கள் போயின. ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் சிலர் அண்டை வீட்டுக் கதவுகளைத் தட்டி எழுப்பினார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள்.

சுடர் வந்து சேருமுன்பே புகை உயிரைக் குடித்துவிடுகிறது. ஆகவேதான் படிக்கட்டைப் பற்றிச் சட்டம் இவ்வளவு கவலைப்படுகிறது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டிட விதிகள், 18.30 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ளவற்றை உயரமான கட்டிடங்கள் என வகுத்து, அவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகளை விதிக்கின்றன. கட்டுகிறவர் விதிப்படி அகலமாகவே கட்டித் தரட்டும், குடியேறிய நாம் அதில் செருப்பு அலமாரியையும், பழைய சைக்கிளையும், கடலை மூட்டையையும் வைத்து அடைத்தால், விதி ஏட்டில் இருக்கும், வழி இராது.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று சிறுவயதில் ஓதியவர்கள் நாம். தெருவில் கிடக்கும் முள்ளை மட்டுமே நான் அதற்குப் பொருளாகக் கொண்டிருந்தேன். மாடிப்படியும் பாதைதான், அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

அடுத்த முறை சென்றபோது, மகன் வீட்டுக்குள் நுழையுமுன் அந்தச் செங்கல்லைத் தேடிப்போனேன். மறுபடியும் கதவடியில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவு மெல்லத் தானே மூடிக்கொண்டது.