கேமராவை அணைத்துவிட்டுப் பேசுவோம்

"ஆன்லைன்ல சினிமா மன்றம் நடத்துறீங்களாமே, நாங்களும் ஆரம்பிக்கலாமா?" என்று அண்மையில் சில கல்லூரி மாணவர்கள் கேட்டார்கள். தாராளமாகத் தொடங்குங்கள் என்றோம். எப்படி நடத்துவது என்று விளக்கப் போனால், நாங்கள் செய்த ஒரு தவறையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

2020 ஊரடங்கில் தொடங்கியது எங்கள் மன்றம். அதுவரை நாங்கள் மூன்று பேரும் காலனிகளில் மாலை நேரப் படிப்பகங்கள் நடத்திக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் பூட்ட வேண்டி வந்தது. விடுதிகளிலிருந்து வீடு திரும்பிய கல்லூரிப் பிள்ளைகள் சும்மா இருந்தார்கள். வாரம் முழுக்க அவரவர் வசதிப்படி ஒரு படம் பார்ப்பது, சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எல்லோரும் இணைந்து பேசுவது என்று முடிவு செய்தோம். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும், மறுபடி இணைவோம். சில வீடுகளில் அப்பா வேலை முடிந்து வந்தால்தான் போன் கிடைக்கும். ஒரே போனைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து பார்த்த காலனிகளும் உண்டு.

முதல் படம் 'பரியேறும் பெருமாள்'. எல்லோரும் ஏற்கெனவே பார்த்ததுதான். கருப்பியைப் பற்றிப் பேசுவார்கள், கடைசியில் வரும் இரண்டு டீ கிளாஸைப் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தோம். பேசவும் செய்தார்கள். ஒரு தம்பி மட்டும் கடைசியில், "அப்பாவ ஓட விடுற சீன்ல நான் போன கவுத்து வெச்சிட்டேன் அண்ணா" என்றான். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. தியேட்டரில் கைதட்டிப் பார்த்த படத்தை வீட்டில் தனியாகப் பார்ப்பது வேறு என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. தியேட்டரில் போனைக் கவிழ்த்து வைப்பது போலத் திரையைக் கவிழ்த்து வைக்க முடியாது.

மன்றம் வளர்ந்தது. பிள்ளைகளின் வகுப்புத் தோழர்கள், ஊர்த்தெருவைச் சேர்ந்தவர்களும் நகரத்தவர்களும் சேர்ந்தார்கள். அதை வெற்றி என்றே நினைத்தோம். "எங்களுக்கு இதெல்லாம் தெரியாது, நீங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று அவர்கள் கேட்பார்கள். நாங்களும் "சொல்லுங்க, சொல்லுங்க" என்று ஊக்கப்படுத்துவோம். யாராவது ஒருவர் சொல்லி, இரண்டு பேர் அழுதுவிட்டால் அன்றைய கூட்டம் நன்றாக நடந்தது என்று திருப்தியோடு போனை வைப்போம்.

பிறகு 'ஃபன்றி' வந்தது. நாகராஜ் மஞ்சுளே 2013இல் எடுத்த மராத்திப் படம். ஜப்யா என்ற பையனின் குடும்பம் கைகாடி சமூகத்தைச் சேர்ந்தது. ஊரில் பன்றி பிடிக்கும் வேலையை அவர்கள் தலையில்தான் கட்டுகிறார்கள். 'ஃபன்றி' என்பது கைகாடி மொழிச் சொல். கைகாடி, தமிழுக்கு நெருங்கிய உறவுள்ள திராவிட மொழி. படத்தின் தலைப்பை மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை, அது நம் வாயில் இருக்கிற 'பன்றி'தான் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். மராத்தி நாட்டில் ஒருவனை இழிவுபடுத்தக் கூவுகிற சொல் நம் சொல்லாகவும் இருக்கிறதே என்று ஒரு தங்கை சொன்னாள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் வேடிக்கை பார்க்க, ஜப்யாவின் குடும்பம் பன்றியைத் துரத்துகிறது. பிடிபடப் போகும் நேரத்தில் பள்ளியில் தேசிய கீதம் ஒலிக்கிறது. ஜப்யா அசையாமல் நிற்கிறான், குடும்பமும் நிற்கிறது. பன்றி ஓடிவிடுகிறது. பிறகு பிடித்த பன்றியைக் கட்டித் தூக்கிக்கொண்டு, அம்பேத்கரும் புலேவும் வரையப்பட்ட சுவரைக் கடந்து போகிறார்கள். இந்த இரண்டு காட்சிகளைப் பற்றி மட்டும் ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

அன்றைக்கு அதுவரை வாயே திறக்காத ஒரு மாணவி பேசினாள். நகரத்தில் இரண்டு தோழிகளோடு அறை எடுத்துத் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டு உரிமையாளர் கீழே குடியிருந்தார். வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது என்ன கேட்பார்கள், நம் பிள்ளைகள் என்ன பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எப்போதும் சாட்டில் எழுதிக் கேட்பவள், அன்றைக்கு மொட்டை மாடிக்குப் போய் மைக்கைத் திறந்தாள். "ஸ்கூல்ல கக்கூஸ் கழுவ எங்க அம்மாதான் வருவாங்க. யாருடி அதுன்னு கூடப் படிச்ச பிள்ளை கேட்டா. தெரியாதுன்னுட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள்.

அந்தக் கூட்டத்தை நாங்கள் பதிவு செய்திருந்தோம். வர முடியாதவர்கள் கேட்கட்டும் என்று மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. குழுவிலிருந்து அது வேறொரு குழுவுக்குப் போனது, அங்கிருந்து அவள் வகுப்புக்குப் போனது. மூன்றாம் நாள் அவள் எங்கள் குழுவிலிருந்து வெளியேறினாள். அந்த மாதக் கடைசியில் அறையையும் காலி செய்தாள்.

அவளைத் தேடி ஊருக்குப் போனோம். அவள் வெளியே வரவில்லை. அம்மாதான் வந்தார். திண்ணையில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அவ தெரியாதுன்னு சொன்னது எனக்கு அன்னிக்கே காதுல விழுந்துச்சு சாமி. சின்னப்புள்ள, என்ன பண்ணுவான்னு மனசுலேயே போட்டு வெச்சுக்கிட்டேன். இத்தன வருசமா அவகிட்டக்கூடக் கேக்கல. நீங்க ஊருக்கே போட்டுக் காட்டிட்டீங்களே."

எங்களிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

நாங்கள் சமூகவியல் முதுகலை படித்தவர்கள். கள ஆய்வுக்குப் போனால் பேசுபவரின் ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்யக்கூடாது, பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுத வேண்டும் என்று வகுப்பில் படித்தோம். அதைத் தேர்விலும் எழுதினோம். ஆய்வு என்றால் ஞாபகம் வருகிற அந்த ஒழுங்கு, நம் பிள்ளைகள் என்றதும் மறந்துபோனது. நம்மவர்கள்தானே என்ற உரிமை அது. அந்த உரிமையை எங்களுக்கு யாரும் தரவில்லை, நாங்களே எடுத்துக்கொண்டோம். இன்னொன்றும் இருக்கிறது. படத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டுவிட்டு, பிள்ளைகளையே படமாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜப்யாவின் குடும்பம் பன்றி பிடிப்பதை மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தவர்களைத் திட்டிப் பேசிய அதே கூட்டத்தில்தான் இதையும் செய்தோம். படத்தின் கடைசியில் ஜப்யா வீசும் கல் கேமராவை நோக்கி வருகிறது. அது யாருக்கு என்று விவாதித்தோமே தவிர, எங்களுக்கும்தான் என்று தோன்றவில்லை.

இரண்டு மாதம் மன்றத்தை நிறுத்தி வைத்தோம். மீண்டும் தொடங்கும்போது சிலவற்றை மாற்றினோம். பதிவு கிடையாது. கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுவோம். மைக்கில் பேசுவதும் சாட்டில் எழுதுவதும் எங்களுக்கு ஒன்றுதான். தனியாக எழுதி அனுப்பினால் பெயர் சொல்லாமல் வாசிப்போம். "உங்க அனுபவம் என்ன?" என்ற கேள்வியை யாரும் யாரிடமும் கேட்கக்கூடாது. கேமரா யார் பக்கம் நிற்கிறது, யாருக்கு வசனம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேட்கலாம். 'ஜெய் பீம்' பார்த்தபோது இப்படிக் கேட்டதில்தான் நல்ல சண்டை நடந்தது. படம் வக்கீலுடையதா, செங்கேணியுடையதா? கடைசியில் அந்தச் சிறுமி வக்கீலுக்கு எதிரே கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கிறாளே, அந்தத் தைரியத்தை அவளுக்குக் கொடுத்தது யார்? இரவு பதினொன்று வரை நீண்ட அந்தக் கூட்டத்தில் யாரும் அழவில்லை.

ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை வைத்தோம். அவர்கள் பேச வேண்டியது அவர்கள் வீட்டைப் பற்றி. வேலைக்கு வருபவருக்கு உங்கள் வீட்டில் எந்த டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறார்கள்? அதை எங்கே வைக்கிறார்கள்? இதைக் கேட்டதும் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நின்றவர்கள் உண்மையைப் பேசினார்கள்.

ஒவ்வொரு படமும் ஒரு வேலையில் முடிய வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். சைதன்ய தம்ஹானேயின் 'கோர்ட்' படத்தில், சாக்கடையில் இறந்துபோன தொழிலாளியின் மனைவி சாட்சி சொல்கிறார். கரப்பான்பூச்சி வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் குழியில் இறங்குவாராம். மறுவாரம் நாங்கள் படம் பார்க்கவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை வரிவரியாகப் படித்தோம். சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னதையும், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியதையும் பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். யாராவது இறந்தால் முதலில் எந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரித்தார்கள். இப்போது அது எங்கள் படிப்பகச் சுவர்களில் ஒட்டியிருக்கிறது.

அந்த மாணவி மன்றத்துக்குத் திரும்பவில்லை. படிப்பை முடித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். போன மாதம் அவள் ஊரிலிருந்து ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்தான். உள்ளே வந்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், "ரெக்கார்ட் பண்றீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றோம். "நிச்சயமா?" என்றான். நிச்சயமாக என்றோம்.

நீங்கள் மன்றம் தொடங்கினால், முதல் கூட்டத்திலேயே இந்தக் கேள்வியை யாராவது உங்களிடம் கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் நீங்களே பதில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

ஜெய் பீம்.