மெதுவாக நடப்பவர் முன்னால் வரட்டும்

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் காலை ஏழரை மணிக்கு எங்கள் வழிகாட்டித் தம்பி முதலில் பார்த்தது எங்கள் கால்களை. ஒவ்வொருவராக நிறுத்தி, ஷூவின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். தேய்ந்து வழவழப்பாக இருந்த ஒரு ஜோடிக்கு அனுமதி இல்லை. அந்த இளைஞர் ஓடிப்போய் நண்பனின் ஷூவை இரவல் வாங்கி வந்தார். அடுத்த கேள்வி, கால்விரல் நகம் வெட்டியாயிற்றா என்பது. எனக்கு வியப்பாக இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, செங்குத்தான இறக்கத்தில் விரல்கள் ஷூவின் முனையில் போய் மோத மோத, அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று புரிந்தது.

மலைப்பாதையில் முதல் தடவை நடப்பவர்கள் யார் என்று கேட்டார். 14 பேரில் 9 கைகள் உயர்ந்தன. அதில் என் கையும் உண்டு. மதுரையில் ஐம்பத்திரண்டு வயது வரை வாழ்ந்துவிட்டு, கொடைக்கானலுக்குப் பத்து முறையாவது பஸ்ஸில் போயிருந்தும், மலையில் ஒரு கிலோமீட்டர்கூட நான் நடந்ததில்லை. நாங்கள் போகவிருந்தது வெள்ளகவி. பெரியகுளம் பக்கத்துச் சரிவில், காட்டுக்குள் இருக்கும் சிற்றூர். இறங்கிப் போய்விட்டு அதே வழியில் ஏறி வர வேண்டும்.

முதல் அரை மணியில் குழு மூன்றாக உடைந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் கண்ணில் படாத தூரத்தில் இருந்தார்கள். நடுவில் சிலர். கடைசியில் நானும், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவரும். நாங்கள் போய்ச் சேரும்போது முன்னால் போனவர்கள் இளைப்பாறி முடித்து எழுந்து நிற்பார்கள். அதாவது ஓய்வு அதிகம் தேவைப்பட்டவர்களுக்கு ஓய்வே கிடைக்கவில்லை. இதை இரண்டு முறை பார்த்த தம்பி எல்லாரையும் நிறுத்தினார். "அம்மா, நீங்க எனக்குப் பின்னாடி வாங்க. ஐயா, நீங்க அம்மாவுக்குப் பின்னாடி. மத்தவங்க இவங்களைத் தாண்டக் கூடாது." வரிசையின் கடைசிக்கு இன்னொரு வழிகாட்டி போனார். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி.

எனக்குக் கூச்சமாக இருந்தது. என்னால் இத்தனை பேர் மெதுவாக நடக்க வேண்டியிருக்கிறதே என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அந்த வரிசையில் நடந்த பிறகு, குழுவாக மலை நடப்பதற்கு வேறு ஒழுங்கே சரிப்படாது என்று சொல்வேன். மெதுவாக நடப்பவர் முன்னால் இருந்தால் எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள். வழி பிரியும் இடத்தில் யாரும் தனியாகத் திரும்பிவிட மாட்டார்கள். ஒருவருக்குக் கால் பிசகினால் அடுத்த நொடியே அவரிடம் ஒரு கை நீளும். பின்னால் விடப்பட்டவர்தான் அவசரப்பட்டுக் காலை மாற்றி வைப்பார். விழுபவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.

இறக்கம் சுலபம் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது உடம்பின் எடை முழுவதையும் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசைதான் பிடித்து நிறுத்துகிறது. நீண்டுகொண்டே வேலை செய்யும் தசை அதிகம் நோகும். அந்த வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் மாடிப்படியில் தெரியும். தம்பி சொல்லிக்கொடுத்தது மிக எளிது. அடியைச் சின்னதாக வை. முட்டியை விறைப்பாக வைக்காமல் கொஞ்சம் மடக்கி வை. காய்ந்த சருகின் மேல் மிதிக்காதே, அடியில் உருளும் கல் இருக்கலாம். கைத்தடியை முதலில் ஊன்று, பிறகு கால். "பேசிக்கிட்டே நடக்க முடியணும்மா. பேச முடியலேன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்றார்.

மெதுவாகப் போனதால் காடும் கண்ணில் பட்டது. சோலைக்குள் ஒரு வளைவில் தம்பி கையை உயர்த்தினார். 14 பேரும் நின்றோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாட்டுத் தொழுவத்தின் வாடை மட்டும் வந்தது. காட்டுமாடு. கீழே புதருக்குள் அதன் முதுகு கறுப்பாக ஒருமுறை அசைந்தது. பத்து நிமிடம் பேச்சு மூச்சில்லாமல் நின்றோம். அது தன் வழியில் போன பிறகே நாங்கள் எங்கள் வழியில் போனோம். அந்த வாடையைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்த மண்ணிலேயே வளர்ந்த மூக்கு வேண்டும்.

இந்தப் பாதையை நடைப்பயணிகளுக்காக யாரும் வெட்டவில்லை. 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரைச் சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் பயந்து கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். மலைக்கு மோட்டார் சாலை வர அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. அதுவரை பெரியகுளம் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதைகள்தான். பெரியகுளம் 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். துரைமார்கள் குதிரையில் வந்தார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் நாற்காலியில் உட்கார்ந்து வந்தார்கள். அந்த நாற்காலியைத் தோளில் சுமந்து இந்தச் சரிவுகளில் ஏறியவர்கள் நம் ஆட்கள். வெறும் தண்ணீர்ப் பாட்டிலோடு நடக்கவே எனக்கு முட்டி நடுங்கிய இடங்களில் அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மலைவாசத் தலத்தின் வரலாற்றில் பங்களாக்களின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட எனக்குப் படிக்கக் கிடைத்ததில்லை.

வெள்ளகவி எல்லையில் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். அந்த ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. நுழையும் இடத்திலேயே கோயில். ஊர் முழுவதையும் கோயிலாகவே நினைக்கிறார்கள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். காலை முழுக்க ரப்பர் வழியாகவே தெரிந்த மலை, அங்கேதான் என் உள்ளங்காலில் சில்லென்று பட்டது. காப்பிச் செடிகள், மிளகுக் கொடி, வாழை. ஒரு வீட்டில் கடுங்காப்பி கொடுத்தார்கள். ஊருக்கு வரும் அரிசியும் சிமென்ட்டும் குதிரை முதுகில்தான் வருமாம். உடம்புக்கு முடியாமல் போனால், பிரசவம் என்றால், டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இந்தச் சரிவில் ஏறுவார்களாம். தலைமுறை தலைமுறையாகச் சாலைக்குக் காத்திருந்த ஊர் அது. நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதாக இருக்கும் பாதை அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை. அதில் பிளாஸ்டிக் உறையைப் போட்டுவிட்டு வருவதை நான் குற்றம் என்றே சொல்வேன்.

திரும்பும்போது கல்லூரி மாணவி ஒருத்தி, அனுமதி, பதிவு, வழிகாட்டி என்று இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்டாள். தம்பி பேசவில்லை. அஞ்சல் ஊழியர்தான் குரங்கணியைச் சொன்னார். 2018 மார்ச் 11. பக்கத்துத் தேனி மாவட்டத்து மலைகள். கொழுக்குமலையிலிருந்து இறங்கிவந்த நடைக்குழுக்கள், காய்ந்த புல்வெளியில் பரவிய காட்டுத் தீயில் சிக்கின. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் இளைஞர்கள், வார விடுமுறைக்கு வந்தவர்கள். அதன் பிறகுதான் மலை நடைக்கென்று மாநிலம் தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் உள்ளூர், பழங்குடி இளைஞர்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். அந்த மாணவி வேறு எதுவும் கேட்கவில்லை. சற்றுத் தூரம் யாருமே பேசவில்லை.

கடைசி ஏற்றத்தில் நான்கு இடங்களில் நின்றேன். நான் நின்றபோதெல்லாம் எனக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் நின்றார்கள். ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. வட்டக்கானலில் மாலை ஐந்து மணிக்கு 14 பேரும் ஒன்றாக மேலே ஏறினோம்.

மலையில் நடந்ததே இல்லை என்பவர்கள் துணிந்து போகலாம். அனுமதியோடு போங்கள், அந்த ஊர் ஆள் ஒருவர் முன்னால் நடக்கப் போங்கள். உங்கள் குழுவில் மெதுவாக நடப்பவர் யார் என்று பார்த்து, அவரை அந்த வழிகாட்டிக்கு அடுத்து நிறுத்துங்கள். வெள்ளகவிக்குப் போனால் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள்.