படியாமல் இடும் கைநாட்டு

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் எழுத்தறியாத தொழிலாளர்கள் கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்திய காலம் ஒன்று இருந்தது. அத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் அறியார். படித்துச் சொல்வாரும் அரியர். அவர்களின் பேரப்பிள்ளைகளோ தமிழ், மலாய், ஆங்கிலம் என மும்மொழி கற்றவர்கள். இவர்கள் கைப்பேசித் திரையில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்னும் கட்டம் தோன்றியதும், அதற்கு மேலுள்ள வரிகளில் ஒன்றையேனும் படியாமல், அதே கட்டைவிரலால் அழுத்திவிட்டு நகர்கின்றனர். இடையில் வந்த கல்வி எதை மாற்றியது என்னும் வினா ஆசிரியர்களை உறுத்த வேண்டிய ஒன்றாகும்.

படியாமல் அளித்த இசைவு ஒருவரைச் சட்டப்படி கட்டுப்படுத்துமா? "படிக்கவே இல்லை, ஆகவே அது என்னைக் கட்டாது" என்று பலர் நம்பியிருக்கின்றனர். நீதிமன்றத்தில் அந்நம்பிக்கை நிற்பதில்லை. வலைத்தள நிபந்தனைகள் புதியவையாகத் தோன்றினும் வழக்கு பழையதே. இலண்டன் சேரிங் கிராஸ் இரயில் நிலையத்தில் ஒருவர் தம் பையை இரண்டு பென்ஸ் கொடுத்துக் காப்பறையில் ஒப்படைத்தார், பை தொலைந்தது. பத்துப் பவுனுக்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளுக்கு நிருவாகம் பொறுப்பன்று எனச் சீட்டின் பின்புறம் அச்சிட்டிருந்தனர். அவரோ அதைப் படிக்கவில்லை. 1877இல் அவ்வழக்கை ஆய்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் படித்தாரா என்பதோடு நின்றுவிடவில்லை. நிபந்தனை இருப்பதை அவர் அறியும்படி இரயில் நிருவாகம் போதிய அளவு செய்ததா என்று கேட்டது. வினா திரும்பிய அந்த இடந்தான் இன்றைய இணையச் சட்டத்திற்கும் அடிப்படை.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1971இல், தானியங்கிப் பொறி சீட்டு நீட்டிய வாகன நிறுத்தகம் ஒன்றைப் பற்றிய வழக்கு வந்தது. உடற்காயத்திற்குக் கூடப் பொறுப்பேற்க மாட்டோம் என்னும் நிபந்தனை நிறுத்தகத்தின் உள்ளே ஒட்டப்பட்டிருந்தது. காயமுற்றவரை அது கட்டாது என நீதிபதி டென்னிங் பிரபு தீர்த்தார். பொறியிடம் யாரும் வாதாட முடியாது. சீட்டு வெளியே வருவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது என்பது அவர் கண்ட காரணம். கடுமையான நிபந்தனையாயின் அதைச் சிவப்பு மையில் அச்சிட்டு, சிவப்புக் கை ஒன்று சுட்டிக்காட்ட வேண்டும் என்று முன்னொரு வழக்கில் சொன்னவரும் அவரே.

திரைக்கு வருவோம். நெட்ஸ்கேப் நிறுவனம் இலவச மென்பொருள் ஒன்றை வழங்கியபோது, பதிவிறக்கப் பொத்தானை மேலேயும் உரிம நிபந்தனைக்கான இணைப்பைத் திரையை உருட்டினாலன்றித் தெரியாத இடத்தில் கீழேயும் வைத்தது. பொத்தானை அழுத்தியவர்களை அந்நிபந்தனை கட்டாது என 2002இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று முடிவு செய்தது. அத்தீர்ப்பை எழுதிய சோனியா சோட்டோமயோர் 2009இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். பார்ன்ஸ் அண்டு நோபிள் புத்தக நிறுவனத்தின் வழக்கிலோ இணைப்பு ஒளிந்திருக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்தது. ஆயினும் வாங்குவோர் இசைவைக் காட்டும் செயல் எதையும் செய்யுமாறு கேட்கப்படாமையால் அதுவும் போதாது என 2014இல் தீர்ப்பாயிற்று. நிபந்தனையைக் கண்முன் வைத்து, 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தச் செய்த தளங்களோ பெரும்பாலும் வென்றுள்ளன. ஆகவே அந்தச் சிறு கட்டம் விளையாட்டன்று, அது கையொப்பம்.

விளையாட்டாக்கிக் காட்டியவர்களும் உண்டு. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று பிரிட்டனின் கேம்ஸ்டேஷன் என்னும் விளையாட்டுப்பொருள் கடை, வாங்குவோர் தம் ஆன்மாவைக் கடைக்கு உரிமையாக்குவதாக ஒரு வரியைத் தன் நிபந்தனைகளில் நுழைத்தது. சுமார் 7,500 பேர் ஒப்புதல் அளித்தனர்! கடை அவ்வான்மாக்களைக் கோரவில்லை என்பது அவர்களுடைய நற்பேறு.

மலேசியாவில் ஒப்பந்தங்களை ஆள்வது 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியது அது. மின்வழி ஒப்பந்தம் மின்வழியானது என்பதற்காகவே செல்லாததாகிவிடாது என 2006ஆம் ஆண்டின் மின்வணிகச் சட்டம் உறுதி செய்தது. நியாயமற்ற நிபந்தனைகளுக்கு எதிரான பகுதி பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2011இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்துச் சிறிதாயிருப்பதும் பொருள் விளங்காதிருப்பதும் அங்கே நீதிமன்றம் கருதத்தக்கவை.

ஆனால் பள்ளிக்கூடத்தை நெருங்கித் தொடும் பகுதி வேறு. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவர் செய்தது தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்பது 1903இல் பிரிவி கவுன்சில் இந்திய வழக்கொன்றில் வகுத்த நெறி. மலேசிய நீதிமன்றங்களும் அதனைப் பின்பற்றின. கல்வி உதவிநிதி பெறும் இளையோர் செய்துகொள்ளும் உடன்படிக்கைக்கு மட்டும் 1976ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் விலக்களித்தது. அப்படியாயின், ஐந்தாம் ஆண்டு மாணவன் அழுத்திய 'ஒப்புக்கொள்கிறேன்' வெறும் ஒலியே. பெற்றோர் இங்கே ஆறுதல் கொள்ளலாம். கொள்வதற்கில்லை என்பதே உண்மை. ஒப்பந்தம் செல்லாமற் போகலாம். அவன் ஏற்றிய புகைப்படமும் குரலும் தொலைபேசி எண்ணும் அவனிடம் தாமாகத் திரும்பி வருவதில்லை.

இன்னொன்றும் நிகழ்கிறது. அமெரிக்கா 1998இல் இயற்றிய சிறார் தனிமறைச் சட்டத்தின் விளைவாகப் பல தளங்கள் 13 வயதை எல்லையாக வைத்தன. பதினொரு வயதுப் பிள்ளை கணக்குத் தொடங்க என்ன செய்கிறது? பிறந்த ஆண்டை மாற்றுகிறது. சில வேளைகளில் மாற்றித் தருபவர் தாயோ தந்தையோ. வீட்டுப்பாடம் அத்தளத்தில் இருக்கிறது என்றால் ஆசிரியரும் அதில் பங்காளியே. நன்னெறிக் கல்விப் பாடத்தில் வாய்மையை விளக்கிய அதே வகுப்பில் இது நடைபெறுவதை எண்ணிப் பார்ப்பார் சிலரே.

கருத்துணர்தல் பயிற்சிக்குப் பத்திகளைத் தேடி அலையும் தமிழாசிரியர், மாணவர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் தளமொன்றின் நிபந்தனைகளில் பத்து வரிகளைத் தமிழாக்கி ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம். இந்நிபந்தனைகளை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு? நீ ஏற்றிய படத்தை அவர்கள் என்ன செய்யலாம்? வழக்கு மூண்டால் எந்த ஊர் நீதிமன்றத்திற்குச் செல்ல வேண்டும்? கூகுளின் பொது நிபந்தனைகளை எடுத்துக்கொண்டால், கடைசி வினாவுக்கு விடை காண மாணவர்கள் உலகப் படத்தை விரித்து, பசிபிக் பெருங்கடலைக் கடந்து, கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா வட்டாரத்தைத் தேட வேண்டியிருக்கும்.