கிண்ணென்றால் நிற்கும்

மழைக்காலம் வந்தால் நைனா எங்கள் லைன் வீட்டுச் சுவரை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே வருவார். கிண்ணென்றால் நகர்வார். பொத்தென்ற இடத்தில் எங்கள் பாயை இழுத்து எதிர்ப்பக்கம் போடுவார்.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வந்த பழக்கம். வெடி போட்ட இடத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலை, கடப்பாரையால் மேல்பாறையைத் தட்டுவது. பிடிப்பு விட்ட கல் பொத்தென்னும். அதை நெம்பித் தள்ளிய பிறகுதான் மற்றதெல்லாம். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. தாதுவை எடுக்க எடுக்க, அது சுமந்த பாரம் பக்கத்துப் பாறையில் ஏறும். தாளாமல் பாறை வெடித்தால் ராக் பர்ஸ்ட். மேலே எங்கள் பாத்திரமெல்லாம் கிடுகிடுக்கும். அம்மா வாசலுக்கு ஓடுவாள். எல்லா வாசலிலும் பெண்கள் நிற்பார்கள், யாரும் பேசமாட்டார்கள்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவே மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போகிறது. தம்பியும் போனான், பழைய கட்டடம் இடிக்க.

மேல்மாடியில் தொடங்கி ஒவ்வொரு தளமாக இறங்குவதுதான் இடிக்கிற முறை. அன்று மேஸ்திரி கீழே இருந்த தூணை உடைக்கச் சொன்னார். தலைக்குமேல் இரண்டு தளம் அப்படியே இருந்தது. ஒரு தூண் போனதும் அதன் பாரம் அடுத்த தூணுக்குப் போயிருக்கிறது. சுரங்கத்தில் நடந்ததேதான். தம்பியின் வலது கால் தளத்துக்கடியில் மாட்டிக்கொண்டது.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த 2017-இல்தான், சென்னை தி.நகரில் தீப்பிடித்த ஜவுளிக்கடையை இடிக்கும்போது இயந்திரம் ஓட்டியவர் செத்துப்போனார். பேப்பரை அவன் கண்ணில் படாமல் மடித்து வைத்தேன்.

1996-இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம் இடிப்பு வேலையையும் சேர்த்தே சொன்னது. தம்பி பெயரோ எந்தப் பதிவேட்டிலும் இருக்கவில்லை. நைனாவுக்குச் சுரங்கத்தில் ஒரு நம்பர் இருந்தது, அடிபட்டால் கொண்டுபோக ஆஸ்பத்திரி இருந்தது. அந்தச் சுரங்கம் எத்தனையோ பேரை விழுங்கியது. அதைப் போய் நல்லது என்று சொல்லவைத்துவிட்டார்களே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

நைனா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மாவுக்கட்டின் மேல் கையை வைத்தபடி நெடுநேரம் இருந்தார். பிறகு கேட்டார்:

"தட்டிப் பாத்தியாடா?"

"மெஷின் ஓடுது நைனா. என்ன கேக்கும்?"