மேஜை மேல் ஒரு நிலக்கரி ரயில்

உங்கள் வீட்டில் பன்னிரண்டு அடிக்குப் பத்தடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறதா? கிடந்தால் அதிலே ஒரு மலையை நிறுத்தலாம். மலைக்குள் ஒரு நிலக்கரிச் சுரங்கம் வைக்கலாம். சுரங்கத்து வாசலிலிருந்து ஒரு குட்டி ரயில் வளைந்து வளைந்து இறங்கி வரும்படி செய்யலாம். "இது குழந்தைகள் சமாசாரம் அல்லவா?" என்று கேட்டுவிடாதீர்கள். மேல்நாடுகளில் தலை நரைத்த டாக்டர்களும் வக்கீல்களும்கூட இந்தக் காரியத்தில் வருஷக் கணக்கில் மூழ்கிக் கிடக்கிறார்கள்.

அவர்களில் நிலக்கரி ரயில்மீது ஆசை கொண்டவர்கள் பலர், அமெரிக்காவில் பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் உள்ள ஒரு சின்னஞ்சிறு பாதையை முன்மாதிரியாக வைத்துக்கொள்கிறார்கள். அதன் பெயர் 'ஈஸ்ட் பிராட் டாப்'. மேஜையில் முதல் ஆணி அடிப்பதற்கு முன் அந்த ரயிலை நாமும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுவோமே! டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. ஏறிக்கொள்ளுங்கள்.

இரண்டு பாதைகள் சந்திக்கும் இடம்

புறப்படும் இடம் மவுண்ட் யூனியன். ஜூனியாட்டா நதிக்கரையில் உள்ள சிறிய ஊர். பென்ஸில்வேனியா ரயில்வேயின் பெரிய பாதை இந்த வழியாகத்தான் போயிற்று. அதன் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம் நாலடி எட்டரை அங்குலம். நம் ஈஸ்ட் பிராட் டாப்பின் அகலமோ மூன்றே அடி. நம் ஊர் மீட்டர் கேஜைவிட மூன்று அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் குறைவு என்றால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும்.

ஏன் இத்தனை குறுகலாகப் போட்டார்கள்? எல்லாம் செலவைக் குறைக்கத்தான். 1856-லேயே சட்டப்படி அனுமதி வாங்கிவிட்டாலும் 1872-ல்தான் வேலை தொடங்கியது. 1874-ல் பாதை சுரங்கம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. பாதை குறுகலாக இருந்தால் வளைவுகளை இறுக்கமாக வளைக்கலாம். பாலம் லேசாக இருந்தால் போதும். மலையைக் குறைவாகக் குடைந்தால் போதும். மலையோடு மல்லுக்கு நிற்காமல் மலை சொன்னபடி கேட்டு நடக்கிற பாதை இது.

ஆனால் சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு. சிறிய பாதை வண்டி பெரிய பாதையில் ஓடாது. மலையிலிருந்து இறங்கும் நிலக்கரி முழுவதையும் மவுண்ட் யூனியனில் வண்டி மாற்றி ஏற்றியாக வேண்டும். நிலக்கரியை இங்கேயே கழுவிப் பிரித்து, பிறகு பெரிய வண்டிகளில் கொட்டி அனுப்பினார்கள். மற்றச் சரக்குகளுக்கு 1930-களில் ஒரு வேடிக்கையான யுக்தி செய்தார்கள். மரம் தூக்குவதற்காக இருந்த பெரிய கிரேனைக் கொண்டு பெரிய பாதை வண்டியையே அலாக்காகத் தூக்கினார்கள். அடியில் இருந்த சக்கரத் தொகுதியைக் கழற்றிவிட்டு மூன்றடிச் சக்கரங்களைப் பொருத்தினார்கள். பெரிய வண்டி, சின்னச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது போல் ஆடி அசைந்து மலைக்குக் கிளம்பிற்று!

ராக்ஹில் பட்டறை

தெற்கே ஷர்லிஸ்பர்க்கைத் தாண்டிப் போனால் ஆர்பிஸோனியாவும் ராக்ஹில்லும் வருகின்றன. அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் இரட்டை ஊர்கள். ஒரு காலத்தில் இங்கே இரும்பு உருக்கும் உலைகள் இருந்தன. பிறகு உலைகள் அணைந்து, ரயிலின் பட்டறைதான் ஊருக்கு உயிராக இருந்தது.

இஞ்சின்கள் ஓய்வெடுக்கும் வட்டக் கொட்டகையில் எட்டு அறைகள் இருக்கின்றன. பிலடெல்பியாவில் பால்ட்வின் கம்பெனி செய்து கொடுத்த ஆறு 'மிகாடோ' இஞ்சின்கள் 1911-லிருந்து 1920-க்குள் இங்கே வந்து சேர்ந்தன. அவற்றின் எண்கள் 12, 14, 15, 16, 17, 18. நடுவில் 13 எங்கே என்று கேட்கிறீர்களா? சகுனம் பார்க்கிற பழக்கம் நமக்கு மட்டுமே சொந்தம் என்று நினைக்க வேண்டாம்!

பக்கத்துப் பட்டறையில் கூரையடியில் ஒரு நீண்ட இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து இறங்கும் தோல் பட்டைகள் கீழே உள்ள கடைசல் யந்திரங்களையும் துளை போடும் யந்திரங்களையும் சுழற்றும். சாதாரண மலை ரயில்கள் மர வண்டிகளோடு திருப்தி அடைந்திருந்த காலத்தில், 1913 முதல் எஃகு நிலக்கரி வண்டிகளை இந்தப் பட்டறையிலேயே செய்துகொள்ள ஆரம்பித்தார்கள். மேலே கொட்டி, அடியில் உள்ள கதவைத் திறந்தால் நிலக்கரி தானாகச் சரிந்து விழும் வண்டிகள் அவை.

மேலே போகும் காலி வண்டி

ராக்ஹில்லுக்கு அப்பால் திரீ ஸ்பிரிங்ஸ், சால்டில்லோ. பிறகு ஏற்றம். சைட்லிங் ஹில் குகைப்பாதை, ரேஸ் ஹில் குகைப்பாதை என்று இரண்டு இருட்டுக்களைத் தாண்டினால் ராபர்ட்ஸ்டேல். மவுண்ட் யூனியனிலிருந்து இதுவரை சுமார் 30 மைல். இன்னும் கொஞ்ச தூரத்தில் உட்வேல். முழுப் பாதையும் 33 மைல்.

இவை சுரங்கக் கம்பெனி கட்டிய ஊர்கள். வீடு கம்பெனியினுடையது, கடையும் கம்பெனியினுடையது. ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரிசை வரிசையாக மர வீடுகள்.

இங்கேதான் நாம் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நிலக்கரி நிறைந்த வண்டி கீழே இறங்குவதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். இஞ்சின் பெருமூச்சு விடுவதையும் புகை சுருளுவதையும் படம் எடுப்பார்கள். ஆனால் சுரங்கத்து ஊர்க்காரர்களின் கண் வேறொன்றில் இருக்கும். காலி வண்டிகள் மேலே வந்தனவா என்பதுதான் அவர்களுடைய கவலை.

அந்தக் காலத்து அமெரிக்கச் சுரங்கங்களில் வெட்டுகிறவருக்கு நாள் கூலி அல்ல, டன் கணக்கில் கூலி. தாம் நிரப்பிய சின்னத் தள்ளுவண்டியில் தம் எண் பொறித்த பித்தளை வில்லையை மாட்டிவிடுவார். வெளியே நிறுத்துக் கணக்கு எழுதுவார்கள். வெட்டிய நிலக்கரியைக் கொட்ட ரயில் வண்டி இல்லாவிட்டால் சுரங்கம் நின்றுவிடும். சுரங்கம் நின்றால் கூலி இல்லை. ஆகவே அடியில் ஒரு கரித் துண்டுகூட இல்லாமல் கடகடவென்று ஏறி வரும் அந்த வெறும் வண்டிதான் ராபர்ட்ஸ்டேலுக்கு அரிசி மூட்டை மாதிரி!

இரும்பு வியாபாரியின் விசித்திரம்

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு வீடுகளில் எண்ணெயும் காஸும் வந்தன. ரயில்களுக்கு டீஸல் இஞ்சின் வந்தது. நிலக்கரியைக் கேட்பாரில்லை. 1956 ஏப்ரலில் ஈஸ்ட் பிராட் டாப் நின்றது. காலி வண்டிகள் மேலே போகவில்லை.

பாதையை விலைக்கு வாங்கியவர் நிக் கொவால்சிக் என்பவர். அவருடைய தொழில் பழைய இரும்பு வியாபாரம். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நீங்கள் ஊகித்தால் அது தவறு. அவர் பாதையை உடைத்து விற்கவில்லை! இஞ்சின்கள் கொட்டகையிலேயே நின்றன. 1960-ல் ஆர்பிஸோனியாவின் இருநூறாவது ஆண்டு விழாவுக்காக ஒரு பகுதியைச் செப்பனிட்டு ரயிலை ஓடவிட்டார். 1964-ல் அது தேசியச் சரித்திரச் சின்னமாயிற்று. 2011 வரையில் உல்லாசப் பிரயாணிகள் ஏறி இறங்கினார்கள். பிறகு மறுபடியும் மௌனம். 2020-ல் ஓர் அறக்கட்டளை பாதையை வாங்கியது. 1956 முதல் கொட்டகையில் உறங்கிய 16-ஆம் எண் இஞ்சின் 2023-ல் கண் விழித்து நீராவி விட்டது. ஆறு மிகாடோக்களும் இன்னும் ராக்ஹில்லிலேயே இருக்கின்றன.

இனி நம் அறைக்குள்

சரி, ஊர் சுற்றியாயிற்று. அறைக்குத் திரும்புவோம்.

மாதிரி ரயில்களில் ஹெச்.ஓ. என்ற அளவு பிரபலம். நிஜத்தில் எண்பத்தேழு அடி இருப்பது இதில் ஓரடி. மூன்றடிப் பாதை இந்த அளவில் பத்தரை மில்லிமீட்டர் ஆகிவிடும். கண் சற்று மங்கியவர்களுக்கு நாற்பத்தெட்டில் ஒன்று என்ற ஓ அளவு சௌகரியம். அதில் மூன்றடிப் பாதைக்கு 19 மில்லிமீட்டர். சாமர்த்தியசாலிகள் இன்னொரு வழியும் கண்டுபிடித்திருக்கிறார்கள். கடையில் தாராளமாகக் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் பதினாறரை மில்லிமீட்டர். அதன்மேல் ஓ அளவு வண்டிகளை ஓட்டினால் ஏறக்குறைய இரண்டரை அடிக் குறும்பாதை தயார்! ஆறு அங்குலக் கணக்கை நண்பர்கள் மன்னித்துவிடுவார்கள்.

இப்போது ஒரு சங்கடம். ஹெச்.ஓ. அளவிலேகூட 33 மைலுக்குச் சுமார் 2,000 அடி தண்டவாளம் வேண்டும். நம் அறையைச் சுவரோரமாக ஒரு சுற்றுச் சுற்றினால் 44 அடி. நிஜத்தில் அது முக்கால் மைல்கூட இல்லை. ஆகவே எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். கலையே எதை விடுவது என்பதில்தான் இருக்கிறது.

மலை செய்வது கஷ்டமில்லை. பலகைச் சட்டத்தின் மேல் தெர்மகோலை அடுக்கிச் செதுக்குங்கள். பிளாஸ்டரில் நனைத்த துணியைப் போர்த்துங்கள். காய்ந்ததும் வர்ணம் பூசி, சாயம் தோய்த்த மரத்தூளைத் தூவினால் புல் முளைத்துவிடும். வண்டியில் ஏற்ற நிஜ நிலக்கரியே கிடைத்தால் பொடித்து, டீ வடிகட்டியில் சலித்து, தண்ணீர் கலந்த பசையால் ஒட்டிவிடுங்கள். நிலக்கரிக்கு நிலக்கரியைப் போல் வேஷம் போட வேறொன்றும் கிடையாது.

நிறைந்த வண்டி இறங்குவதும் காலி வண்டி ஏறுவதும் எப்படி? ஒவ்வொரு தடவையும் கையால் கொட்டி அள்ளினால் விளையாட்டு கசந்துவிடும். இதற்கு ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. மேஜைக்குக் குறுக்கே வானம் தீட்டிய ஒரு தட்டியை நிறுத்துங்கள். ஒரு பக்கம் சுரங்கம், மறு பக்கம் மவுண்ட் யூனியனின் நிலக்கரி கழுவும் ஆலை. இரண்டையும் இணைத்து, தட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் இரண்டு தண்டவாளங்கள் ஓடட்டும். நிறைந்த வண்டிகளை ஆலைக்குள் தள்ளினால் அவை தட்டியின் வழியே சுரங்கத்தடியில் போய் நிற்கும். அப்போதுதான் நிலக்கரி ஏற்றியது போல் இருக்கும். காலி வண்டிகளைச் சுரங்கத்துக்குள் தள்ளினால் ஆலைப் பக்கம் வரும். இப்போதுதான் கொட்டியது போல் இருக்கும். நிறைந்தது எப்போதும் இறங்கும். காலி எப்போதும் ஏறும்.

இடம் போதாமல் கத்தரிக்கோலை எடுக்கும்போது பலர் முதலில் வெட்டுவது சுரங்கத் தொழிலாளிகளின் வீடுகளைத்தான். இஞ்சின் அழகாயிருக்கிறது, பாலம் அழகாயிருக்கிறது. ஒரே மாதிரி வீடுகளில் என்ன அழகு என்று நினைக்கிறார்கள். வேண்டுமானால் ஒரு பாலத்தை விட்டுவிடுங்கள். குகைப்பாதைகளில் ஒன்றை மறந்துவிடுங்கள். ராபர்ட்ஸ்டேலின் வீடுகளில் நாலைந்தாவது இருக்கட்டும். ஒரு வீட்டின் கொடியில் துணி காயட்டும். கம்பெனிக் கடை வாசலில் இரண்டு பெண்கள் கூடையோடு நிற்கட்டும். அவர்கள் இல்லாவிட்டால் அந்த ரயில் எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்று யார் கேட்டாலும் உங்களிடம் பதில் இராது.

இன்னொன்று. எந்த வருஷத்தைச் செய்கிறீர்கள் என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். 1920 என்றால் வண்டிகளுக்குப் புது வர்ணம். 1955 என்றால் துருவும், பாதையோரத்தில் களையும், குறைந்துபோன வண்டிகளும். இரண்டும் உண்மைதான். நிஜ ரயிலுக்கு இல்லாத ஒரு வசதி மேஜை ரயிலுக்கு உண்டு: கடைசி நாளை நாம் வரவிடாமல் நிறுத்தி வைக்கலாம்.

வேலையெல்லாம் முடிந்து, ஒரு நல்ல நாள் பார்த்து, வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு விசையைத் திருகும்போது நிறைந்த வண்டியை ஓட்டிக் காட்ட அவசரப்படாதீர்கள். முதலில் காலி வண்டிகளை மேலே அனுப்புங்கள். மலை மேல் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருப்பார்கள்.